மேனுவல் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை நாமே மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஜின் ஆயிலைத் தாங்களே மாற்றுகிறவர்கள்கூட கியர்பாக்ஸ் என்றதும் பின்வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் இது என்ஜின் ஆயில் வேலையைவிடச் சின்னது. பெரும்பாலான வண்டிகளில் ஃபில்டர் கிடையாது. இரண்டு பிளக் (ஆயில் ஊற்றும் துளைக்கும் வடிக்கும் துளைக்கும் உள்ள திருகு மூடிகள்), ஒரு தட்டு, ஒரு குழாய், அவ்வளவுதான். கெடுவதெல்லாம் இரண்டே இடத்தில்: ஆயிலைத் தேர்ந்தெடுப்பதிலும், பிளக்குகளைத் திறக்கும் வரிசையிலும். அதனால் அந்த இரண்டுக்கும் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கியர்பாக்ஸ் ஆயில் வண்டியின் ஆயுள் முழுக்க வரும், மாற்றவே வேண்டாம் என்கிறார்களே?

சில கம்பெனிகளின் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. என்ஜின் ஆயிலில் எரிபொருளின் கரி சேரும், எரியாத பெட்ரோல் கலக்கும். கியர்பாக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்த ஆயில் பல மடங்கு காலம் தாங்கும்.

ஆனால் தாங்கும் என்றால் கெடாது என்று பொருளில்லை. பற்சக்கரங்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி ஆயிலின் கெட்டித்தன்மை குறைகிறது. சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கிறது. தேய்மானத்தைத் தடுக்கக் கலந்திருக்கும் ரசாயனங்கள் செலவாகின்றன. கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையங்களிலிருந்து உதிரும் நுண்ணிய உலோகத் துகள், ஃபில்டர் இல்லாததால் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருந்தால் அதன்படி மாற்றுங்கள். இல்லையென்றால் 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்பேன். அதிக பாரம் ஏற்றுபவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள், மலைப்பாதையிலேயே ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே மாற்றலாம். வெள்ளத்தில் கியர்பாக்ஸ் மூழ்கும் அளவுக்கு வண்டி நின்றிருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், உடனே திறந்து பாருங்கள்.

எந்த ஆயில் வாங்குவது?

கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும். நண்பரின் வண்டிக்கு எது போட்டார்கள் என்பது உங்களுக்கு உதவாது. என்ஜின் ஆயிலில் ஒரு கிரேடு மாறினால் பெரிய சேதம் வராமல் தப்பலாம். மேனுவல் கியர்பாக்ஸில் வண்டிக்கு வண்டி தேவை அடியோடு மாறும். பெரும்பாலானவற்றுக்கு 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் ஆயில் (முதல் எண் கெட்டித்தன்மையைக் காட்டும், ஜிஎல் எண் எந்த மாதிரி வேலைக்கு ஏற்றது என்பதைக் காட்டும்). சிலவற்றுக்கு ஜிஎல்-5. போர்க்-வார்னரின் டி5 போன்ற மேனுவல் கியர்பாக்ஸ்கள் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் திரவத்தையே கேட்கும். பழைய ஹோண்டா கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸுக்கு என்ஜின் ஆயில்தான். 1959-ல் வந்த மினி காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொண்டன.

கையேடு தொலைந்துபோயிருந்தால் வண்டியின் மாடல், தயாரித்த ஆண்டு, கியர்பாக்ஸின் குறியீட்டு எண் மூன்றையும் வைத்துத் தேடுங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒரு கியர்பாக்ஸ், டீசலுக்கு வேறு கியர்பாக்ஸ் இருப்பது சகஜம். மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4ஐவிட உயர்ந்ததுதானே? அதையே ஊற்றினால் என்ன?

எண் பெரிதாக இருப்பதால் தரம் உயர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு வேலைக்குச் செய்தவை.

இதற்கு சிங்க்ரோ எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது மூன்றாவது கியரும் அதைத் தாங்கும் தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே இணைத்தால் பற்கள் மோதிக் கரகரவென்று சத்தம் வரும். அதைத் தவிர்க்க நடுவில் ஒரு பித்தளை அல்லது வெண்கல வளையம் இருக்கிறது. அதன் உட்புறம் கூம்பு வடிவம். கியர் லீவரைத் தள்ளும்போது இந்த வளையம் கியரின் கூம்பின் மீது அழுந்தி, உராய்வால் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அதன் பிறகுதான் பற்கள் கோர்க்கின்றன. வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் வெட்டியிருப்பது, கூம்பின் மீதிருக்கும் ஆயிலை வழித்துவிட்டு உலோகம் பிடிப்பதற்காகத்தான்.

ஆக, கியர்பாக்ஸ் ஆயில் ஒரே சமயத்தில் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். பற்களுக்கு நடுவே வழுக்க வேண்டும், சிங்க்ரோவில் பிடிக்க விட வேண்டும். ஜிஎல்-4 இந்தச் சமநிலைக்குப் பொருந்துவது. ஜிஎல்-5 ஹைபாய்டு வகைப் பற்சக்கரம் கொண்ட டிஃபரன்ஷியலுக்காக (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) உருவானது. அங்கே பற்கள் மிகுந்த அழுத்தத்தில் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கும், அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த உயரழுத்தச் சேர்க்கை ஜிஎல்-4ல் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும். சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸில் அதை ஊற்றினால் வளையம் சரியாகப் பிடிக்காமல் கியர் முரண்டு பிடிக்கலாம். சூட்டில் அந்தக் கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கவும் கூடும். இந்த அரிப்பைக் கட்டுப்படுத்தும் நவீன ஜிஎல்-5 ஆயில்களும் உண்டு, ஆனால் டப்பாவைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது எளிதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. சுபாருவின் பல மேனுவல் வண்டிகளில் கியர்பாக்ஸும் முன்பக்க ஹைபாய்டு டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் ஒரே ஆயிலில் ஓடுகின்றன, அதனால் கம்பெனியே ஜிஎல்-5 கேட்கிறது. அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் டிஃபரன்ஷியல் அடிபடும். எனவே 'ஜிஎல்-5 கெட்டது' என்று பொதுவாக மனப்பாடம் செய்வதும் தவறுதான்.

75டபிள்யூ-90 என்றால் என்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டியா?

இல்லை. கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் தனித்தனி. 100 டிகிரி செல்சியஸில் அளந்தால் கியர் ஆயிலின் 90 கிரேடு 13.5 சென்டிஸ்டோக்கிலிருந்து (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) தொடங்குகிறது. என்ஜின் ஆயிலின் 40 கிரேடு 12.5க்கும் 16.3க்கும் இடையே வருகிறது. இரண்டும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில்தான்.

எத்தனை லிட்டர் தேவைப்படும்?

சாதாரண கார்களில் 1.5 முதல் 3 லிட்டருக்குள் அடங்கிவிடும். கையேட்டில் சரியான அளவு இருக்கும். அரை லிட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள், குழாயிலும் புனலிலும் கொஞ்சம் நின்றுவிடும்.

என்னென்ன சாமான்கள் வேண்டும்?

ஜாக்கியும் உறுதியான ஸ்டாண்டுகளும், சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டைகள், பழைய ஆயில் பிடிக்க அகலமான தட்டு, பிளக்குக்குப் பொருந்தும் சாக்கெட் அல்லது அல்லென் கீ, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளக்கும் ஸ்பேனர்), புதிய வாஷர்கள், நீளமான குழாயுடன் புனல் அல்லது கைப்பம்பு, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, நிறைய காட்டன் வேஸ்ட்.

பிளக்கின் தலை வண்டிக்கு வண்டி மாறும். வெளி அறுகோணம் இருக்கலாம், உள் அறுகோணம் இருக்கலாம், ராட்செட் நேராகப் போய்ப் பொருந்தும் சதுரக் குழியாகவும் இருக்கலாம். வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே குனிந்து பார்த்து, சரியான கருவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 'ஏறக்குறைய பொருந்துகிறது' என்று ஒரு ஸ்பேனரைப் போட்டால் தலை மழுங்கிவிடும்.

வண்டியை எப்படித் தூக்குவது?

முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் பழைய ஆயிலை வடிக்கலாம், ஆனால் புதிய ஆயிலின் மட்டம் பார்க்க முடியாது. மட்டம் பார்க்க வண்டி நாலா பக்கமும் சமமாக நிற்க வேண்டும். நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துவது நல்ல வழி. சமதளத்தில், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி உள்ள இடம் கிடைத்தால் அதைவிட நல்லது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பின்பக்கம் மேலே எழும்பிவிட்டால் அந்த பிரேக்கால் பயனில்லை. அதனால் முன்பக்கத்தை முதலில் தூக்குவதானால் பின்சக்கரத்துக்கும், பின்பக்கத்தை முதலில் தூக்குவதானால் முன்சக்கரத்துக்கும் அடை கொடுங்கள். அடியில் இருக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

முதலில் எந்த பிளக்கைத் திறப்பது?

ஊற்றும் பிளக்கை. எப்போதும் அதைத்தான்.

காரணம் எளிது. கீழே உள்ள வடிக்கும் பிளக்கைத் திறந்து ஆயிலையெல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேலே உள்ள பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. ஊற்றும் பிளக் முதலில் கழன்றால்தான் வேலையைத் தொடர வேண்டும். அது கழலவில்லையென்றால் அன்றைக்கு எதையும் தொடாமல் வண்டியை இறக்கிவிடுங்கள், பழைய ஆயிலோடு வண்டி நன்றாகவே ஓடும்.

வடிக்கும் பிளக் இதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

குறுக்காக என்ஜின் வைத்த முன்சக்கர இயக்க கார்களில் என்ஜினும் கியர்பாக்ஸும் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும், இரண்டுக்கும் தனித்தனி பிளக். என்ஜின் பக்கம் ஆயில் ஃபில்டர் இருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ்ஷாஃப்டுகள் கிளம்பும். இந்த அடையாளம் போதும். மாற்றித் திறந்தால் நடக்கும் விபத்து பெரியது: கியர்பாக்ஸை வடித்துவிட்டு என்ஜின் ஆயில்தான் வடிந்தது என்று நினைத்து என்ஜினில் ஊற்றுவார்கள். என்ஜினில் ஆயில் நிரம்பி வழியும், கியர்பாக்ஸ் காய்ந்து ஓடும். வடியும் ஆயிலின் வாசனையும் சொல்லிவிடும், கியர் ஆயிலில் கந்தகத்தின் காட்டமான நெடி இருக்கும்.

சில கியர்பாக்ஸ்களில் ஊற்றுவதற்கென்று தனி பிளக் இருக்காது. ரிவர்ஸ் விளக்கின் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஊற்ற வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவற்றில் மட்டம் பார்க்க வழியில்லாததால் அளந்து ஊற்றுவது மட்டுமே முறை.

பிளக் இறுகிக் கிடக்கிறது, என்ன செய்யலாம்?

அவசரப்படாதீர்கள். பிளக்கைச் சுற்றிய மண்ணையும் துருவையும் கம்பி பிரஷால் எடுங்கள். உள்குழி உள்ள பிளக் என்றால் குழிக்குள் இறுகிய அழுக்கை முழுக்கச் சுரண்டுங்கள், இல்லையென்றால் கீ பாதிதான் இறங்கும், குழி சிதையும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துச் சில மணி நேரம் விடுங்கள், முடிந்தால் ஓர் இரவு. பிறகு சுத்தியால் பிளக்கின் தலையில் நேராகச் சில தட்டு. நீண்ட கைப்பிடியை ஒரே சீராக அழுத்துங்கள், வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது உடல் பலம் முழுவதையும் போட்டு இழுப்பது ஆபத்து. அந்த அளவு பலம் தேவைப்பட்டால் லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல்.

ஆயில் சூடாக இருக்க வேண்டுமா?

வெதுவெதுப்பாக. பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி, அடியில் படிந்த துகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். நெடுந்தூரம் ஓட்டிய உடனே திறந்தால் கை வெந்துவிடும், பக்கத்தில் சைலன்சர் குழாயும் கொதித்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் விட்டு, குறைந்தது இருபது நிமிடம் சொட்டுச் சொட்டாக வடியட்டும்.

வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மாவு போன்ற நுண்ணிய சாம்பல் பசை இயல்பான தேய்மானம். துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் நல்லது.

செதில் செதிலாக, குத்துகிற மாதிரி இரும்புத் துண்டுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. புதிய ஆயில் அதைச் சரிசெய்யாது, கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வடிந்த ஆயிலில் பொன்னிறத் தூள் மின்னினால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. காந்தம் பித்தளையைப் பிடிக்காது என்பதால் ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் மின்னுவது வயதான கியர்பாக்ஸில் எதிர்பார்க்கக்கூடியது. நிறைய மின்னி, கியர் போடும்போது கரகரப்பும் இருந்தால் வளையங்கள் முடிவை நெருங்குகின்றன.

ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள். கியர்பாக்ஸின் மேல் உள்ள காற்றுத் துளையின் மூடியோ குழாயோ பெரும்பாலும் அங்கே உடைந்திருக்கும்.

உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா?

கூடாது. அது மூலைமுடுக்குகளில் தங்கி புதிய ஆயிலை நீர்க்க வைக்கும், பேரிங்கின் மேல் உள்ள ஆயில் படலத்தையும் கழுவிவிடும். தண்ணீர் புகுந்த வண்டி என்றால் அதே கிரேடு ஆயிலை ஊற்றிச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, திரும்ப வடித்து, இரண்டாவது முறை புதிதாக ஊற்றுங்கள். செலவு இரண்டு மடங்குதான், ஆனால் தண்ணீரை வெளியே கொண்டுவர அதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எப்படி ஊற்றுவது, மட்டம் எப்படித் தெரியும்?

வடிக்கும் பிளக்கைத் துடைத்து, புதிய வாஷரோடு மூடிய பிறகே ஊற்றத் தொடங்குங்கள். ஊற்றும் துளை பக்கவாட்டில் இருப்பதால் டப்பாவைச் சாய்க்க இடம் இருக்காது. மேலே பானட்டைத் திறந்து புனல் வைத்து, நீளக் குழாயின் மறுமுனையைத் துளையில் செருகினால் வேலை எளிது. இல்லையென்றால் கைப்பம்பு. கியர் ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். குளிர்காலத்தில் டப்பாவைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்தால் வேகமாக இறங்கும்.

பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்புதான் மட்டம். ஆயில் அங்கே வந்து மெல்ல வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது சொட்டாகக் குறையும்வரை காத்திருந்து பிளக்கை மூடுங்கள். சில வண்டிகளில் மட்டம் துளைக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும். ஊற்றிய அளவையும் கூடவே கணக்கு வையுங்கள். கையேடு 2.2 லிட்டர் சொல்கிறது, உங்களுக்கு 1.4 லிட்டரிலேயே வழிகிறது என்றால் வண்டி சாய்ந்து நிற்கிறது, அல்லது ஆயில் இன்னும் டிஃபரன்ஷியல் பக்கம் போய்ச் சேரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள்.

குறைவாகவோ அதிகமாகவோ இருந்தால் என்ன ஆகும்?

குறைந்தால் மேலே உள்ள பேரிங்குகளுக்கும், பல கார்களில் கூட்டின் கோடியில் தனியாக இருக்கும் ஐந்தாவது கியருக்கும் ஆயில் எட்டாது. நெடுஞ்சாலையில் ஓட்டும்போது அந்த கியர்தான் மணிக்கணக்கில் உழைக்கிறது என்பதால் சேதம் சத்தமில்லாமல் நடக்கும். அதிகமானால் ஆயில் கடையப்பட்டு நுரைக்கும், சூடாகும், சீல் வழியாகக் கசியும். கிளட்ச் பக்கத்து சீலில் கசிந்தால் கிளட்ச் தட்டு நனைந்து வழுக்கத் தொடங்கும்.

எவ்வளவு இறுக்குவது?

கையேடு சொல்லும் அளவுக்கு. பல கார்களில் அது 25 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் உங்கள் வண்டியின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம், பிளக் பெரும்பாலும் எஃகு. அதிகமாக இறுக்கினால் தோற்பது அலுமினியத்தின் மரைதான். பிளக்கை முதல் சில சுற்றுகள் வெறும் விரலாலேயே ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஏற்றுங்கள். கூம்பு மரை உள்ள பிளக்குக்கு வாஷர் வராது. அதை முழுக்க உள்ளே இறங்கும்வரை முறுக்கினால் கூடே விரிசல் விடலாம்.

முடித்த பிறகு?

பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வந்ததும் இரண்டு பிளக்கின் அடியிலும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். மறுநாள் காலை தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை. தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள்.

புது ஆயில் ஊற்றியும் கியர் கடினமாகவே விழுகிறது. ஏன்?

கோளாறு ஆயிலில் இல்லாமல் இருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நின்றிருக்கும்போது சுலபமாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறிப்பாக ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளையோ ஹைட்ராலிக் சிலிண்டரையோ பாருங்கள். நின்றிருக்கும்போதும் கடினம் என்றால் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கேபிள், இணைப்புகள் மீது சந்தேகம். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது மட்டும் கரகரத்தால் அந்த கியரின் சிங்க்ரோ.

நியூட்ரலில் உறுமும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். காலைக் குளிரில் முதல் சில நிமிடம் மட்டும் இரண்டாவது கியர் முரண்டு பிடித்துப் பிறகு சரியாகிவிடுவது பல வண்டிகளில் உண்டு. புதிய, சரியான கிரேடு ஆயில் நன்றாக வித்தியாசம் காட்டுவது அங்கேதான்.

ஏஎம்டி, டிசிடி வண்டிகளுக்கும் இதே முறையா?

ஏஎம்டி என்பது உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயந்திரம் இயக்குகிறது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் முறை ஒன்றுதான், ஆனால் இயக்கும் ஹைட்ராலிக் பகுதிக்குத் தனித் திரவம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடியில் பலவற்றுக்கு ஃபில்டரும், திரவத்தின் வெப்பநிலையைக் கணினியில் பார்த்து மட்டம் வைக்கும் முறையும் உண்டு. அதை அந்த வசதி உள்ளவரிடம் விடுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்திலோ, அதை வாங்கிக்கொள்ளும் பட்டறையிலோ கொடுங்கள். கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். மண்ணில் ஊற்றினால் நிலத்தடி நீருக்குப் போகும், சாக்கடையில் ஊற்றினால் ஏதாவது ஒரு நீர்நிலைக்குப் போகும். ஆயில் துடைத்த காட்டன் வேஸ்டைக் குவியலாகப் போட்டு வைக்காமல், தீ அண்டாத இடத்தில் மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.